காலி வண்டி சொன்ன சாட்சி

போன மாதம் குமரேசன் எனக்கு போன் செய்தான். பைபாஸ் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருப்பவன். ஒரு கார் அவன் கடைக்கு வந்திருக்கிறது. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றுமில்லை. நாலுவழிச் சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு உறுமல் எழுந்து காதை அடைக்கிறதாம். சைலன்சரை மாற்றியும் போகவில்லை.

"நானே ஓட்டிப் பாத்துட்டேன் ஆயா, ஒண்ணும் கேக்கல. அந்தாளுக்குத்தான் காதுல ஏதோ கோளாறு. டாக்டரப் பாருங்க சார்னு அனுப்பிடலாம்னு இருக்கேன்" என்றான்.

போனை வைத்துவிட்டேன். பிறகு நானே அவனைக் கூப்பிட்டு, வண்டிக்காரன் சொல்வதைப் பொய் என்று முடிவு கட்டிவிட்டு வேலை பார்க்கிறவன் மெக்கானிக் இல்லை என்று சொன்னேன். இன்னும் நிறையச் சொன்னேன். "ஏன் ஆயா இம்மாங் கோபம்?" என்று கேட்டான். அது போனில் சொல்கிற விஷயமில்லை. மெக்கானிக் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அவன் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு பெண் இந்தத் தொழிலில் முன்னுக்கு வந்த கதை என்று போடலாம் என்பான். அந்தக் கதை எனக்கு வேண்டாம். இதை எழுதுகிறேன். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில காலம் ஆகியிருந்த நேரத்தில் நான் ஷெட்டில் சேர்ந்தேன். சேலம் ரோட்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஷெட் அது. எங்களுக்கு மானாவாரிக் காடு கொஞ்சம் இருந்தது. மழை வந்தால் ராகி, வராவிட்டால் அதுவும் இல்லை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபின் நானும் தம்பி அருளப்பனும்தான். அவன் அந்தக் கம்பெனியில் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானான். அவன் சொல்லித்தான் எனக்கும் வேலை கிடைத்தது. பஸ் கழுவுவது, கூட்டுவது, உலைக்குக் கரி சலிப்பது. பெண்களுக்கு அதுதான் வேலை.

சைலன்சருக்கு வந்தது எப்படி என்றால், அந்த வேலையை ஆண்கள் யாரும் விரும்பவில்லை. டீசல் வண்டியின் சைலன்சருக்குள் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி நெருப்பில் போட்டு, உள்ளே இருக்கிற கரி எரியும்வரை புரட்ட வேண்டும். ஆறினதும் கட்டைச் சுத்தியால் தட்டித் தட்டி உதற வேண்டும். கரி கொட்டும்போது மூக்கு, காது, பல்லிடுக்கு எல்லாம் கறுத்துவிடும். வீட்டுக்குப் போய் எத்தனை முறை குளித்தாலும் தலையணையில் கறை இருக்கும். ஷெட்டில் என்னைக் "கரியாத்தா" என்பார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள் என்பதற்காக நான் சிரிக்கவில்லை.

தட்டித் தட்டி எனக்கு ஒன்று பிடிபட்டது. உள்ளே இருக்கும் தகடுகள் இறுக்கமாக இருந்தால் ஒரு சத்தம், விட்டுப்போயிருந்தால் ஒரு சத்தம். விட்டுப்போனதை நான் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தேன். அதைக் கவனித்தவர் ராமண்ணா மேஸ்திரி.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. ஓசூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். மாலையில் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மற்ற ஷெட்டுகளில் மேஸ்திரி என்றால் ஸ்பானரைத் தூக்கி எறிவார்கள், அம்மாவைத் திட்டுவார்கள். இவர் வேலை தெரியாதவனைப் பார்த்து, "நீ வூட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாப்பா" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பயந்து ஆட்கள் நடுங்குவார்கள். ஒரு வண்டியைப் பார்ப்பதற்கு முன் அதைச் சுற்றி ஒருமுறை நடப்பார், இடது கையைத் தகட்டின் மேல் வைத்துக்கொண்டே, மாட்டைத் தடவுவது போல. பிறகு நீளமான திருப்புளியின் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு முனையை இஞ்சின் மேல் வைத்துக் கண்ணை மூடுவார். எதைக் கேட்டாலும் முதல் பதில் "நோடோணா" என்பதுதான். பார்க்கலாம் என்று அர்த்தம். பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டார் என்று ஊரே நம்பியது. நானும்தான்.

குழாயைத் தொங்கவிடுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே. பழைய டயரைப் பட்டையாக அறுத்து, அந்தப் பட்டையில் சைலன்சரையும் குழாயையும் கட்டித் தொங்கவிடுவோம். "இரும்பு இரும்போட பேசக்கூடாதும்மா. குழாய்க்குத் தெரிஞ்சது பாடிக்குத் தெரியக்கூடாது. நடுவுல ரப்பர் இருக்கணும்" என்பார்.

அவர் கெட்டிக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் விளங்காது. கம்பெனிக்குப் புதிதாக ஒரு பஸ் வந்தது. அது நாற்பது மைல் வேகத்தில் போனால் உள்ளே உம்மென்று ஒரு இரைச்சல். முப்பதில் இல்லை, நாற்பத்தைந்திலும் இல்லை. பெரிய மொடாவுக்குள் தலையை விட்டு முனகினால் எப்படி இருக்கும், அப்படி. மேஸ்திரி ஒரு பித்தளைத் தட்டில் ஒரு கை கேழ்வரகு போட்டு எடுத்துக்கொண்டு ஏறினார். தட்டைத் தரைப்பலகையில் இங்கே அங்கே வைத்துப் பார்த்திருக்கிறார். இரைச்சல் எந்த இடத்தில் பலமோ அந்த இடத்தில் கேழ்வரகு எழுந்து குதிக்கும். திரும்பி வந்து, ஒரு பக்கம் அடைத்த குழாய் ஒன்றைப் புகைக்குழாயில் கிளை மாதிரி பற்றவைத்தார். எங்கும் போகாத குழாய். அதற்கு ஊமைக்குழாய் என்று பெயர் வைத்தோம். சத்தம் அதற்குள் போய்ப் போக வழியில்லாமல் திரும்பி வந்து, எதிரே வருகிற சத்தத்தை முட்டி அடக்கும் என்றார். நீளம் கூடினாலும் பிரயோஜனமில்லை, குறைந்தாலும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து அறுத்து, ஒவ்வொரு தரமும் ரோட்டில் ஓட்டிப் பார்த்து, கடைசியில் ஏறக்குறைய நாலடியில் நின்றது. நான்தான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள். வண்டி திரும்பி வந்ததும் இறங்கி என்னிடம் வந்து, தட்டைக் காட்டி, "கேழ்வரகு தூங்கிருச்சும்மா" என்றார். அன்றைக்கு எனக்கு அவர் சாமி மாதிரி இருந்தார்.

ஆனால் அந்த வண்டியில் நான் ஏறவில்லை. ட்ரயல் வண்டியில் பெண்பிள்ளை ஏறக்கூடாது என்பது ஷெட்டின் வழக்கம். முன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டிக் கிளம்புவார்கள். டிரைவர், மேஸ்திரி, அவ்வளவுதான். வேறு ஆளோ மூட்டையோ ஏற்றக்கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். "ஆள் ஏறினா ஆள் சத்தம் கேக்கும், கூடை ஏறினா கூடை சத்தம் கேக்கும். காலி வண்டிதான் உண்மை சொல்லும்" என்பார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நான் நெருப்பில் போட்டு, தட்டி, தொங்கவிட்ட சைலன்சர் ரோட்டில் எப்படிப் பேசுகிறது என்று நான் கேட்டதேயில்லை. கேட்டுக்கு வெளியே போகும் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இனி அருளப்பன் விஷயம்.

அவனுக்குத் தர்மபுரி - ஓசூர் வண்டி கொடுத்திருந்தார்கள். பின்பக்கம் நீட்டிக் கட்டின பாடி, ஆட்கள் அதிகம் உட்கார. ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் அவன் முகம் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்தால் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவான்.

"அக்கா, காரிமங்கலம் தாண்டி நாப்பதுல பிடிச்சன்னா ஒரு எரைச்சல் வருது. ராயி அரைக்கற கல்ல தலைக்குள்ள வெச்சு சுத்தற மாதிரி. கொஞ்ச நேரத்துல கண்ணு சொருவுது. முப்பதுல போனா இல்ல. முப்பதுல போனா லேட்டாவுது, பின்னாடி வர்ற வண்டி தாண்டிப் போயிடறான், ஏறுனவங்க கத்தறாங்க. நான் எப்பிடிப் போறது?"

மேஸ்திரியிடம் சொன்னான். "நோடோணா" என்று அவரும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார், காலியாக, எலுமிச்சம்பழம் நசுக்கி. அருளப்பன்தான் ஓட்டினான். நாற்பதில் போனார்கள். ஒன்றும் இல்லை. தட்டில் கேழ்வரகு அசையவில்லை. வாரம் கழித்து இன்னொரு தரம் போனார்கள். அப்போதும் அசையவில்லை.

"சத்தியமா மேஸ்திரி, நேத்து கூட வந்துதுங்க."

"கேழ்வரகு பொய் சொல்லுமாப்பா?" என்றாராம் மேஸ்திரி.

அந்த வண்டியின் கண்டக்டர் காசி தினமும் அதே இரைச்சலில்தான் போய் வந்துகொண்டிருந்தான். அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"கேக்குது அக்கா, எனக்கென்ன காது இல்லையா? ஆனா மேஸ்திரி இல்லன்னு சொன்னத நான் இருக்குதுன்னு சொன்னா, நாளைக்கு சித்தேரி மலை ரூட்ல போட்டுடுவாங்க. எனக்கு மலையேறினா வாந்தி வரும்."

"ஏறுனவங்க யாரும் சொல்லலயா?"

"பஸ்ஸுன்னா சத்தம் போடும், எருமைன்னா சாணி போடும். அத யாரு போயிச் சொல்லுவாங்க?"

கிருஷ்ணகிரி ஸ்டாண்டில் வண்டி நின்றதும் அருளப்பன் இறங்கி பானட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வான். அவன் தள்ளாடுகிறான் என்று யாரோ பார்த்து யாரிடமோ சொல்ல, அது முதலாளி காதுக்கு வந்தது. மதுவிலக்கு இருந்த காலம். குடிகாரன் என்று பெயர் வந்தால் வேலை மட்டுமல்ல, லைசென்சும் போகும், போலீசும் வரும். முதலாளி மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி, "வண்டில கோளாறு இல்லீங்க" என்றார். அவர் அவ்வளவுதான் சொன்னார். குடித்தான் என்று அவர் வாயால் சொல்லவேயில்லை. வண்டியில் கோளாறு இல்லையென்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்று மற்றவர்கள் முடிவு செய்துகொண்டார்கள்.

மறுநாளிலிருந்து காலையில் வண்டி எடுக்குமுன் அருளப்பன் கேட்டில் நின்று மேஸ்திரியின் முகத்துக்கு நேரே ஊதிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. அவனுக்கு மட்டும். கிளீனர்கள், வாட்ச்மேன், பூக்காரி எல்லோரும் பார்க்க, என் தம்பி வாயைத் திறந்து ஊதினான். அவர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையசைப்பார். ஒரு நாளும் வாடை இல்லை. ஒரு நாளும் அவர் "வாடை இல்லை" என்று வாய் திறந்து சொன்னதும் இல்லை. "கரியாத்தா தம்பி ஏலக்கா மென்னுட்டு வரான்டோய்" என்று பின்னால் ஒருவன் சொன்னான். உலைக் கரியை அள்ளி அவன் மேல் போட்டேன். அதற்கு எனக்கு ஒரு நாள் வேலை இல்லை என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவனுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. எங்களைப் போலவே மாதா கோயில் குடும்பம், விவசாயம். எங்கள் கோயில் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் இருவர் பெயரையும் ஓலை வாசிப்பார். தடை சொல்ல நினைக்கிறவர்கள் சொல்லலாம். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை பெண்ணின் அப்பா நேரே ஷெட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சவரியம்மா, நான் ஊர்ப் பேச்ச நம்பறவன் இல்ல. ஆனா மேஸ்திரியக் கேட்டேன். வண்டில ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு. அவரு பொய் சொல்ற ஆளில்லன்னு எல்லாருக்கும் தெரியும். எம் பொண்ணு குடிகாரங்கிட்ட போயி சாவறதா?"

"அவன் குடிக்கலீங்க."

"நீ அக்கா, அப்படித்தான் சொல்லுவ. மேஸ்திரி வந்து, வண்டிலதான் கோளாறு, பையன் மேல தப்பில்லன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். எனக்கு அது போதும். ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லட்டும். இல்லன்னா ரெண்டாவது ஓல வாசிக்க வேணாம்னு சாமியாருகிட்ட சொல்லிடுவேன்."

ட்ரயல் வண்டியில்தானே நான் ஏறக்கூடாது. காசு கொடுத்தால் யாரும் ஏறலாம். புதன்கிழமை காலை, வேலைக்குப் போகாமல், பஸ் ஸ்டாண்டில் நின்று அருளப்பன் வண்டியில் ஏறினேன்.

"எங்கக்கா?" என்றான் காசி.

"ஓசூருக்கு ஒண்ணு குடு."

"ஓசூர்ல யாரு இருக்கா ஒனக்கு?"

"எம் மாமியாரு. டிக்கெட்டக் கிழி."

கல்யாணமே செய்துகொள்ளாத எனக்கு ஏது மாமியார். காசி சிரித்துக்கொண்டே கிழித்தான். பின்பக்கம் குழாய் போகிற இடத்துக்கு மேலே உள்ள சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் பலகையில் அழுத்தி வைத்தேன். வண்டி நிறைய ஆட்கள், நடுவில் நிற்கிறவர்கள், மேலே கூடை. பக்கத்தில் கோழியை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "என்னாத்தா, பஸ்ஸுக்குக் கால் அமுக்கி வுடறியா?" என்று கேட்டாள்.

காரிமங்கலம் தாண்டியது. வண்டி நாற்பதைத் தொட்டதும் அது வந்தது. முதலில் பாதத்தில் வந்தது, பிறகு முழங்கால், பிறகு பல். காதுக்குக் கடைசியாகத்தான் வந்தது. என் தம்பி எத்தனை மாதமாக இதற்குள் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்தேன். கோழிகூடக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

கிருஷ்ணகிரியில் பாதிக் கூட்டம் இறங்கிவிட்டது. மேலே இருந்த கூடைகளும் இறங்கின. வண்டி கிளம்பி மறுபடி நாற்பதைப் பிடித்தது. இரைச்சல் இல்லை. அதே டிரைவர், அதே வேகம், அதே மாதிரி ரோடு. பாதத்தில் வெறும் இஞ்சின் அதிர்வு மட்டும். ஆள் குறைந்தது ஒன்றுதான் வித்தியாசம். காலி வண்டியில் ஏன் கேழ்வரகு அசையவில்லை என்பது அந்த இடத்தில் எனக்கு விளங்கியது.

ஓசூர் ஸ்டாண்டில் திரும்பி வருகிற கூட்டம் ஏறி நிறைந்தபின், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனேன். "பொம்பள அடில பூந்துட்டா, வண்டிய எடுத்துறாதப்பா" என்று யாரோ கத்தினார்கள். படுத்துக்கொண்டு பார்த்தேன். பின்பக்கத் தரைக்குக் கீழே ஒரு இரும்புக் குறுக்குச் சட்டம் ஓடுகிறது. பாரம் ஏறியதும் நீட்டிக் கட்டின பாடி தணிந்து, அந்தச் சட்டம் குழாயின் முதுகில் உட்கார்ந்திருந்தது. கையிலிருந்த டிக்கெட்டை நடுவில் நுழைத்துப் பார்த்தேன், போகவில்லை. இரும்பு இரும்போடு பேசிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஷெட்டில் ஆட்கள் இறங்கினபின் அதே இடத்தைப் பார்த்தேன். ஒரு விரல் தாராளமாக நுழைந்தது. குழாயின் முதுகில் மட்டும் கரி இல்லாமல் தேய்ந்து வெள்ளி மாதிரி ஒரு தழும்பு.

வியாழக்கிழமை மேஸ்திரியிடம் சொன்னேன். எல்லோர் எதிரிலும் சொல்லவில்லை, அவருக்கு மரியாதை வைத்துத் தனியாகத்தான் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கையில் இருந்த சாக்குக்கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வண்டில போனியா?"

"டிக்கெட் வாங்கிட்டுப் போனங்க."

"நோடோணா" என்றார்.

சனிக்கிழமை மதியம் அவர் நாலு ஆட்களை விட்டு மணல் மூட்டைகளை அருளப்பன் வண்டிக்குள் ஏற்றினார். எலுமிச்சம்பழம் இல்லை, கற்பூரம் இல்லை. அருளப்பனையும் ஓட்டச் சொல்லவில்லை. வேறு டிரைவர். நான் கேட்டருகே நின்றேன். கையைக் காட்டி, "பேடாம்மா" என்றார், வேண்டாம் என்று. போனார்கள், வந்தார்கள். மேஸ்திரி இறங்கினார். அந்த வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். அதுவரை நான் அதைப் பார்த்ததில்லை. டயர்ப் பட்டைகளை அறுத்து, நீளமான பட்டை போட்டு, குழாயை நன்றாகக் கீழே இறக்கிக் கட்டினார். மறுபடி மூட்டையோடு போனார்கள், வந்தார்கள். மூட்டைகளை இறக்கினபின் வண்டியைக் கூட்டியது நான்தான். பின் சீட்டுக்கு அடியில், முன்னால், படியில், எங்கே பார்த்தாலும் கேழ்வரகு. முதல் போக்கில் அது எப்படிக் குதித்திருக்க வேண்டும் என்று துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

மேஸ்திரி சட்டையில் கரியோடு தண்ணீர்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"வண்டி சரியாயிடுச்சும்மா. இனி எரைச்சல் வராது" என்றார்.

"சந்தோசங்க. காவேரிப்பட்டணம் போயி பொண்ணோட அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. நாளைக்கு ஓல வாசிக்கணும்."

"என்னன்னு சொல்றது?"

"வண்டிலதான் கோளாறு இருந்துது, பையன் குடிக்கலன்னு."

சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அழுக்கு போனபின்னும் தேய்த்தார்.

"சரி பண்ணிட்டேன்ல. அத்தோட விடும்மா."

"வண்டிய சரி பண்ணிட்டீங்க. அவன் பேர யாரு சரி பண்றது?"

"நான் ரெண்டு வாட்டி ஓட்டிப் பாத்து இல்லன்னு சொன்னவன். இப்ப போயி இருந்துச்சுன்னு சொன்னா, நாளைக்கு நான் சொல்றத இந்த ஷெட்ல எவன் கேப்பான்? முதலாளி என்ன நினைப்பாரு? பையன் சின்ன வயசு. வேற பொண்ணு கெடைக்கும்."

அவர் குரல் அப்போதும் உயரவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. ஸ்பானரைத் தூக்கி எறிகிற மேஸ்திரியாக இருந்திருந்தால் நானும் ஒன்றைத் தூக்கி எறிந்திருப்பேன். இவர் துண்டில் கையைத் துடைத்து, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வண்டியை முடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிறவர் போல நடந்து போனார். நானே ஓடினேன் காவேரிப்பட்டணத்துக்கு. குழாயின் தழும்பு, மணல் மூட்டை, சிதறின கேழ்வரகு, எல்லாம் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேஸ்திரி ஏன் வரல?" என்று ஒன்றே ஒன்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஓலை வாசித்தார். வேறு இரண்டு பேர் பெயரை வாசித்தார். அருளப்பன் என் பக்கத்து வரிசையில்தான் முழங்காலில் இருந்தான். தலையைத் தூக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கேட்டில் மேஸ்திரி நின்றார், புதுச் சட்டையோடு. அருளப்பன் வந்தான். நான் உலைப் பக்கத்திலிருந்து ஓடி வந்து நடுவில் நின்றேன்.

"இன்னிக்கி எதுக்குங்க ஊதணும்?"

"முதலாளி உத்தரவும்மா. அவரு நிறுத்தச் சொல்லல."

"நீங்க சொன்னா நிறுத்துவாரு."

அருளப்பன் என்னை ஓரமாக ஒதுக்கிவிட்டு மேஸ்திரியின் முகத்துக்கு நேரே ஊதினான், நீளமாக, மூச்சு தீரும்வரை. பிறகு வண்டிச் சாவியை அவர் கையில் வைத்தான்.

"அந்த எரைச்சலோட நான் எப்பிடியோ ஓட்டிட்டு இருந்தங்க. இத என்னால முடியல" என்றான்.

அன்றைக்குப் போனவன் லாரிக்குப் போனான். வடக்கே நாக்பூர், இந்தூர் என்று ஓட்டினான். ரொம்ப நாள் கழித்து அந்தப் பக்கத்திலேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். எனக்குச் சொல்லியனுப்பினான், போக எனக்கு வழியில்லை. அருளப்பன் போனபின் அந்த ஓசூர் வண்டி நாற்பதில் சத்தமில்லாமல் போனது. "குடிகாரன் போனான், வண்டி நல்லாயிடுச்சு" என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள். மேஸ்திரியின் காதுபடத்தான் பேசினார்கள்.

நீ ஏன் அங்கேயே இருந்தாய் என்று கேட்பீர்கள். என் தம்பியும் கேட்டிருக்கிறான். அந்த வேலை என்னுடையது. நான் ஏன் போக வேண்டும்? அடுத்த வருஷம் மேஸ்திரி தானாகவே கூப்பிட்டு எனக்கு கேஸ் வெல்டிங் கற்றுக்கொடுத்தார். எதற்காகக் கொடுக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கற்றுக்கொண்டேன், அவரைவிட நன்றாகவே பற்றவைத்தேன். ஆனால் "மேஸ்திரி" என்று அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். "இந்தாங்க", "பாருங்க" என்பதோடு சரி. அதற்குப்பின் ஷெட்டில் எந்த வண்டியானாலும் மணல் மூட்டை ஏற்றித்தான் ட்ரயல் போனார்கள். யார் சொல்லி அந்த வழக்கம் வந்தது என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. ராமண்ணா மேஸ்திரி முறை என்றார்கள்.

எழுபதுகளின் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். ஷெட்டுக்குள்ளேயே பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, முதலாளி மாலை போட்டார். அவர் கை வைத்தால் வண்டி பேசும் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. பழைய ஆள் என்று என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் போய் நின்றேன். அதற்கு முன்னும் பின்னும் நான் மைக்கில் பேசியதில்லை.

"எந் தம்பி அருளப்பன் குடிக்கல" என்றேன்.

சின்ன வயது ஆட்களுக்கு அருளப்பன் யாரென்றே தெரியாது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காசி தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி வாட்சைப் பார்த்தார். ராமண்ணா மாலையோடு நாற்காலியிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்தார். கிழவராகிவிட்டிருந்தார். மைக்கின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"தெரியும்மா" என்றார். எனக்கு மட்டும் கேட்டது.

நான் அவர் கையைப் பிடித்து மைக்கிலிருந்து எடுத்தேன்.

"இப்பச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். மைக் அவர் வாய்க்கு நேரே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போகணும்" என்றார்.

கைதட்டினார்கள். பந்திக்கு இலை போட ஆரம்பித்தார்கள். நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன்.